பதினொரு புகை

எபர்ஸ்டால் பிரபுக்களின் வம்சத்தில் ஒரு நியதி உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை நிலம் பாதியாகும், பெயர் இரண்டு மடங்காகும். முதல் பிரபுவுக்கு எபர்ஸ்டால் என்று ஒற்றைப் பெயர்தான். குதிரையில் ஆறு நாள் போனாலும் அவருடைய எல்லை தீராதாம். நான் அரண்மனையில் எழுத்தராகச் சேர்ந்த காலத்தில் பெரிய பிரபு காலமானார். அவர் பெயரை எழுதச் சவப்பெட்டியின் மூடி போதாமல் பக்கப் பலகையிலும் எழுதினோம். அவர் ஆண்ட பூமியைக் காலை உணவு முடித்துக் கிளம்பி மதிய உணவுக்குள் சுற்றி வந்துவிடலாம், நடந்தே.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவர் கசிமிர், இளையவர் ஏகினோ. பாகப் பிரிவினைக்கு வம்சத்தில் பழைய வழக்கம் இருக்கிறது. மூத்தவர் கோடு போடுவார், இளையவர் தனக்கு வேண்டிய பக்கத்தை எடுத்துக்கொள்வார். கோடு நியாயமாக விழ வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் எத்தனை குடி என்று தெரிய வேண்டும். எங்கள் பக்கத்தில் குடிகளைத் தலையால் எண்ணுவதில்லை. தலை நடமாடும், ஏமாற்றும். புகையால் எண்ணுவோம். ஓர் அடுப்பு, ஒரு புகை, ஒரு குடி. புகை ஒன்றுக்கு வருஷத்துக்கு ஒரு கோழி பிரபுவுக்கு.

அந்தக் கணக்கை எடுத்தவன் நான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு சொல்லத் தைரியம் வராது. ஓடைக்கு இக்கரையில் பள்ளத்தாக்கு. அங்கே வீடு வீடாகப் போய் ஒன்பது புகை என்று எழுதினேன். அக்கரை முழுக்கக் காடு. என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜோடி பூட்ஸ், காட்டிலோ முழங்கால் அளவு சகதி. ஆகவே தேவாலயக் கோபுரத்தில் ஏறி, வாரம் ஒருமுறை காட்டைப் பார்த்தேன். ஏப்ரலில் ஓரிடத்தில் புகை எழுந்தது, மே மாதம் வேறோர் இடத்தில். இலை உதிரும்வரை பார்த்தேன். பதினொரு இடம். பதினொன்று என்று எழுதி முத்திரை வைத்தேன்.

இளையவர் காட்டை எடுத்துக்கொண்டார். வேட்டையும் ஆயிற்று, குடியும் இரண்டு அதிகம் என்று அவருக்குக் குஷி. கசிமிர் பிரபு கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். தகப்பன் போன துக்கம் என்று நாங்கள் நினைத்தோம். நானும் இளையவரோடு அக்கரைக்கு மாறினேன்.

புதுப் பிரபுவிடம் குடிகள் மண்டியிட்டு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டும். அதற்காக ஒரு செவ்வாய்க்கிழமை காட்டுக்குள் போனோம். ஏகினோ பிரபு, மந்திரி ஸ்ட்ரோபெல், ஊதுகுழல்காரர், சமையல்காரர், சிம்மாசனத்தைத் தூக்க இருவர், நான். எங்களில் யாரும் குடி இல்லை. நாங்கள் வெளி சமஸ்தானங்களிலிருந்து வந்த உத்தியோகஸ்தர்கள். உத்தியோகஸ்தன் அடுப்பு மூட்டினால் அந்தப் புகை கணக்கில் சேராது.

மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. மரத்தை அடுக்கி மண்ணால் மூடி எரித்துக் கரி எடுக்கும் கரிமூட்டம் ஒன்று, ஆள் உயரத்துக்குப் புகைந்துகொண்டிருந்தது. ஒரு மனிதன் அதன் மேல் ஈரமண்ணை அப்பிக்கொண்டிருந்தான். உச்சி முதல் பாதம் வரை கரி. ஊதுகுழல் சத்தம் கேட்டுத் திரும்பியவன், எங்களைப் பார்த்ததும் கையிலிருந்த மண்வெட்டியைக் கீழே வைத்தான். பேச வாயைத் திறந்தான், உடனே வார்த்தை வரவில்லை. பேசிப் பழக்கம் விட்டுப் போயிருந்தது.

"ஊரு எங்கடா?" என்றார் மந்திரி.

"எந்த ஊருங்க?"

"இந்த ஊருதான். பதினோரு வீடு. எல்லாரையும் கூப்பிடு."

அவன் பின்னால் திரும்பிப் பார்த்தான், நிஜமாகவே யாராவது வந்திருக்கிறார்களோ என்று. "நான் ஒருத்தன்தானுங்க. பேரு வெண்டெலின். கரிமூட்டம் போடுறவன்."

"மத்த பத்து அடுப்பு?"

"ஓ, அதுங்களா? ஒரு எடத்துல மரம் தீந்துச்சுன்னா அடுத்த எடத்துக்குக் குடிசையைத் தூக்கிக்கிட்டுப் போயிருவேங்க. போன வருசம் பதினோரு எடத்துல மூட்டம் போட்டேன். எல்லாம் நான்தாங்க."

மந்திரி என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் பதிவேட்டைப் பிரித்து, முத்திரையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பிரபுவின் பக்கம் திரும்பினார்.

"பிரபு, பதிவேட்டுல பதினொன்னுன்னு முத்திரையோட இருக்கு. இவன்கிட்ட என்ன முத்திரை இருக்கு? கணக்கு தப்புன்னா பாகம் தப்பு. பாகம் தப்புன்னா அண்ணன் தம்பி சண்டை. சண்டைன்னா படை வேணும். படைக்கு நம்மகிட்ட இருக்கிறது இவன் ஒருத்தன். அதோட, பத்துப் புகைக்குக் கீழ போனா பேரரசரோட சபையில பிரபுக்கள் பெஞ்சுல நமக்கு இருக்கிற ஆறுல ஒரு பங்கு ஓட்டும் போச்சு."

"அப்படின்னா?" என்றார் பிரபு.

"அப்படின்னா இவன் பதினோரு பேரு."

அன்று முழுக்கக் காட்டில் நடந்தோம். பழைய மூட்டம் எரிந்த கறுப்பு வட்டம் ஒவ்வொன்றிலும் சிம்மாசனத்தை இறக்கினோம். ஊதுகுழல் ஊதியது. வெண்டெலின் மண்டியிட்டு, உயிருள்ளவரை விசுவாசமாக இருப்பேன் என்றான். ஒரே பெயரைப் பதினொரு முறை எழுதினால் நன்றாக இருக்காது என்பதால் ஒன்றாம் வீட்டான், இரண்டாம் வீட்டான் என்று எழுதினேன். எட்டாவது வட்டத்தில் பிரபு களைத்துப்போய், "ஜனத்தொகை ஜாஸ்திதான்" என்றார். அதில் அவருக்குப் பெருமை.

வெண்டெலினுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. கறுப்பு ரொட்டியை ஊறவைத்து ஒரு கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் கொடுத்தான். சமையல்காரர் முகத்தைச் சுளித்தார், நான் குடித்தேன். கிளம்பும்போது என் பின்னாலேயே வந்தான்.

"ஐயா, மறுபடி எப்ப வருவீங்க?"

அவன் கேட்ட விதத்தை என்னால் மறக்க முடியவில்லை. அந்தக் காட்டில் எங்கள் ஏழு பேரையும் ஒரு விருந்தாகக் கொண்டாடிவிட்டான், பாவி.

மறுபடி நாங்கள் போனது தூக்குமரம் நடுவதற்கு. மரண தண்டனை கொடுக்கும் அதிகாரம் உள்ள பிரபு, எல்லோர் கண்ணிலும் படும்படி தூக்குமரம் வைத்திருக்க வேண்டும். எல்லோர் கண் என்றால் வெண்டெலினின் கண். அவன் குடிசைக்கு எதிரே நட்டோம். அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மந்திரி தோளில் தட்டிக்கொடுத்தார்.

"பயப்படாதடா. உன்னைத் தூக்குல போட்டுட்டா எங்களுக்கு வேற யாரு இருக்கா?"

தன்னிடம் யாரும் அதுவரை அப்படிச் சொன்னதில்லை என்று வெண்டெலின் பின்னர் என்னிடம் நெகிழ்ந்து சொன்னான்.

அடுத்த வசந்தத்தில்தான் ஓட்டிலியா வந்தாள். அவள் எதிர்க்கரை, கசிமிர் பிரபுவின் குடி. புருஷன் செத்து நாலு வருஷம். நெசவாளர்களிடம் புதுத்துணி வாங்கி, ஓடைக்கரைப் புல்லில் விரித்து, தண்ணீர் தெளித்து, வெயிலில் வெளுத்துக் கொடுப்பது அவள் தொழில். வெண்டெலினின் மூட்டத்திலிருந்து பறந்த கரித்தூள் ஒருநாள் இருபது கெஜம் வெள்ளைத்துணியில் இறங்கியது. அவள் ஓடையைத் தாண்டி வந்து ஒரு மணி நேரம் திட்டினாள்.

"ஏய்யா கரிமூஞ்சி, உனக்கு மூட்டம் போட வேற எடமே இல்லியா? இந்தக் காடு பூரா உனக்குத்தானே? பேசுய்யா! வாயில என்ன, கரியா?"

அவன் அடுத்த மூட்டத்தை ஓடைக்கு இன்னும் நூறடி கிட்டத்தில் போட்டான். அவள் மறுபடி வந்து திட்டினாள். அதற்கடுத்தது இன்னும் கிட்டத்தில். கோடை முடிவதற்குள் அவள் வாரம் இரண்டு தடவை வந்தாள், திட்டுவதற்கு முன் உட்கார்ந்து கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள், வரும்போது பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியும் கொண்டுவந்தாள். செப்டம்பரில் ஒருநாள் அவளே சொன்னாள்: "இங்க பாரு. எனக்கு நாப்பத்தி மூணு வயசு. உன்னைத் திட்டவே ஓடையைத் தாண்டித் தாண்டிக் கால் வலிக்குது. பேசாம என் வீட்டுக்கு வந்துரு, உக்காந்த எடத்துலயே திட்டுறேன்."

வெண்டெலின் என்னிடம் ஓடி வந்தான். முகத்தைக் கழுவியிருந்தான். அன்றுதான் அவன் முகத்தை முதன்முதலாகப் பார்த்தேன். சிவந்த, சின்ன முகம்.

"ஐயா, எனக்குக் கல்யாணம். அக்கரைக்குப் போக ஒரு சீட்டு எழுதிக் குடுங்க."

பிரபுவின் மண்ணைவிட்டுப் போக விடுதலைச்சீட்டு வேண்டும். அதை எழுத எனக்கு இரண்டு நிமிஷம் போதும். மந்திரியிடம் கொண்டுபோனேன்.

"யாரு போறது?" என்றார் மந்திரி.

"வெண்டெலின்."

"எத்தனாம் வீட்டு வெண்டெலின்?"

நான் பதிவேட்டைப் புரட்டி, ஒன்றாம் வீட்டான் என்றேன்.

"ஒன்னாம் வீட்டான் போறான்னா மத்த பத்துப் பேரு சம்மதிக்கணும். ஊர்க்கூட்டம் போடு. ஒவ்வொருத்தன் அபிப்பிராயத்தையும் தனித்தனியா எழுது. எல்லாரும் ஒரே மாதிரி சொன்னா ஒத்துக்க மாட்டேன். அது கூட்டுச்சதி."

ஆக, மாதம் ஒருநாள் நான் காட்டுக்குப் போய் ஊர்க்கூட்டம் நடத்தினேன். வெண்டெலின் ஒரு மரக்கட்டையிலிருந்து இன்னொரு மரக்கட்டைக்கு மாறி மாறி உட்கார்ந்து பேசுவான். முதலில் மிகவும் கூச்சப்பட்டான். எதிர்த்துப் பேச ஒருத்தராவது வேண்டும் என்று நானே சொல்லிக்கொடுத்தேன். அதன்பின் நாலாம் வீட்டான் கடுகடுவென்று பேச ஆரம்பித்தான். "இந்த வயசுல அவனுக்கு என்னத்துக்குக் கல்யாணம்? அவன் போயிட்டா இங்க யாரு இருக்கா?" என்றான். உடனே அடுத்த கட்டைக்கு மாறி, "உனக்குப் பொறாமைடா" என்று அதட்டினான். நான் சிரித்துவிட்டேன். அவன் சிரிக்கவில்லை.

தீர்மானம் நிறைவேறியது, ஆறுக்கு நாலு. மந்திரி அதைப் படித்துவிட்டு, ஒன்றாம் வீட்டானுக்கு மட்டும் சீட்டு எழுதினால் மற்ற பத்துப் பேருக்கும் பெண் கேட்கும் உரிமை எழுமே என்று கவலைப்பட்டார். பாரபட்சம் கூடாது, பதினொரு பேரும் மனுப் போட வேண்டும். போட்டோம். பதினொரு மனுவும் பிரபுவின் மேஜைக்குப் போயின. ஏகினோ பிரபு அவற்றை வரிசையாகப் பரப்பி வைத்துப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது.

"எழுத்தரே, என் குடிங்க எல்லாருமே போகணுங்கிறாங்களா? ஒருத்தன்கூட என்கூட இருக்கப் பிரியப்படலியா? நான் என்ன குறை வச்சேன்? சட்டம் குடுத்தேன். தூக்குமரம் குடுத்தேன், நல்ல ஓக் மரத்துல. அவங்ககிட்ட இருந்து எதையாவது ஒளிச்சு வச்சேனா?"

அந்தப் பெரிய வேட்டை மாளிகையில் அவர் தனியாகத்தான் சாப்பிடுவார். சமமானவர்கள் யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை. எனக்கு அவர் மேலும் இரக்கம் வந்தது, வந்த வேகத்தில் கோபமும் வந்தது. மந்திரியிடம் போய், கணக்கு தப்பு, கோபுரத்திலிருந்து எண்ணினேன், என்னை வேலையைவிட்டு நீக்குங்கள், அவனை விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

மந்திரி மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். "தம்பி, நீ எண்ணினது தப்புன்னு உனக்கு முந்தியே எனக்குத் தெரியும். கசிமிர் பிரபுவுக்கும் தெரியும். அவங்க ஒன்பதுல ரெண்டு மாட்டுக்கொட்டாய். அவங்க நம்ம பதினொன்னை ஒத்துக்குவாங்க, நாம அவங்க ஒன்பதை ஒத்துக்குவோம். அதுக்குப் பேருதான் ராஜதந்திரம். உனக்குச் சம்பளம் வருதில்ல? போ."

போனேன். இதுதான் நான் செய்தது. இரண்டாவது முறை சொல்லிப் பார்க்கவில்லை.

விஷயம் திருச்சபை மன்றத்துக்குப் போயிற்று. ஒரு விதவையை மணக்க ஒரே ஊரில் பதினொரு பேர் மனுப் போட்டது ஒழுக்கப் பிரச்சினை ஆகிவிட்டதே. ஓட்டிலியாவை அழைத்து விசாரித்தார்கள். மன்றத் தலைவர் மேஜையைத் தட்டினார்.

"ஒருத்திக்குப் பதினோரு ஆம்பளையா? உனக்கு வெக்கமா இல்ல?"

"ஒருத்தன் சட்டையே வெளுக்க மாட்டேங்குதுங்க. பதினோரு பேரு சட்டைக்கு நான் எங்க போவேன்?" என்றாள் அவள். "அவன் ஒருத்தன்தான், சாமி. நீங்களே கண்ணால பாருங்க."

"கண்ணால பாக்குறது சாட்சி ஆகாது. பதிவேடு என்ன சொல்லுது?"

பதிவேடு நான் சொன்னதைச் சொல்லியது. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். ஏழாம் வீட்டான் என்று விழுந்தது. அவன் போகலாம், மணக்கலாம். மிச்சமுள்ள பத்துப் பேரும் காட்டிலேயே இருக்க வேண்டும், ஒருவர்கூடக் குறையக் கூடாது. பத்து என்பது பெஞ்சுக்கு வேண்டிய அளவு, அதனால் மந்திரியும் தலையாட்டினார். ஒரே ஒரு நிபந்தனை. ஏழாம் வீட்டான் மனைவியை உடன்பிறந்தவன் மனைவியாகவே நினைப்போம், அவள் வாசற்படியை மிதிக்க மாட்டோம் என்று மற்ற பத்துப் பேரும் பைபிள் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

வெண்டெலின் பத்து முறை கைவைத்தான். சத்தியம் என்றால் அவனுக்குச் சத்தியம்தான். திரும்பி வரும் வழியில் கேட்டான்:

"ஐயா, இப்பச் சத்தியம் பண்ணினது யாரு? நானா?"

"அது காகிதத்துக்குய்யா. நீ கண்டுக்காத."

"பைபிள் மேல வச்சது என் கையிங்களே."

நான் பேச்சை மாற்றினேன்.

விடுதலைச்சீட்டில் பிரபுவின் முத்திரை விழ இரண்டு குளிர்காலம் ஆயிற்று. பிரபுவின் பெயர் முழுவதையும் கொள்ளும் அளவுக்குப் புது முத்திரை செதுக்க வேண்டியிருந்தது. அந்த இரண்டு வருஷமும் ஊர்க்கூட்டம் மாதாமாதம் நடந்தது. ஓட்டிலியா காட்டுக்கு வரக்கூடாது என்று மன்றம் தடுத்திருந்தது, அங்கே பத்து அந்நிய ஆண்கள் குடியிருக்கிறார்கள் அல்லவா? வெண்டெலின் கட்டைக்குக் கட்டை மாறி உட்காருவதை நான் நிறுத்தச் சொன்ன பிறகும் அவன் நிறுத்தவில்லை. "பேச்சுத்துணைக்கு ஆச்சுங்களே" என்றான்.

சீட்டு வந்த அன்று எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நேரே ஓட்டிலியா வீட்டுக்குப் போனேன். அவள் படித்துக்காட்டச் சொல்லி இரண்டு முறை கேட்டாள். அதிலேயே மன்றத்தின் தடையும் நீங்கியிருந்தது. உள்ளே போய், தானே நெய்யக் கொடுத்து, வெளுத்து, தைத்து வைத்திருந்த ஒரு சட்டையை எடுத்துக்கொண்டாள். பனி போன்ற வெள்ளை. "வாங்க, நானே கூட்டியாறேன். இல்லாட்டி அந்தக் கரிமூஞ்சி கெளம்பாது" என்றாள். ஓடைக்குக் குறுக்கே கிடந்த மரத்தின் மேல் எனக்கு முன்னால் நடந்தாள்.

மத்தியான வெயிலில் வெண்டெலின் ஒரு மூட்டத்துக்கு மண் அப்பிக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் எழுந்து, தொப்பியைக் கழற்றினான்.

"வாங்க ஐயா," என்றான். பிறகு அவளைப் பார்த்துத் தலை குனிந்து, "வாங்க அண்ணி" என்றான்.

ஓட்டிலியா சிரித்தாள். "என்னய்யா, கேலியா? சீட்டு வந்திருச்சு. கெளம்பு."

"நான் ஒன்பதாம் வீட்டானுங்க. ஏழாம் வீட்டு அண்ணன் முந்தியே கெளம்பிப் போயிட்டாரே. குலுக்கல்ல சீட்டு விழுந்த அன்னிக்கே போயிட்டாரு. வந்து சேரலியா?"

அவனுக்குப் பைத்தியம் இல்லை. அதை நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். மூட்டத்தை ஒழுங்காக மூடியிருந்தான், கரியில் ஒரு குறை சொல்ல முடியாது. நாங்கள் சொன்னதைச் செய்தான், அவ்வளவுதான். நாங்கள்தான் ஒரு மனிதனைப் பதினொன்றாகப் பிரித்து, அதில் ஒரு பங்குக்கு மட்டும் சந்தோஷத்தை ஒதுக்கினோம். மிச்சப் பத்தும் எங்களுக்கு வேண்டியிருந்தன.

"வெண்டெலின், நீதான்யா அது. நீ ஒருத்தன்தான்," என்றேன். என் குரல் கெஞ்சியது.

"இல்லீங்க ஐயா. சத்தியம் பண்ணியிருக்கேன். இன்னொருத்தர் சம்சாரத்தோட வீட்டுப்படியை நான் எப்படி மிதிக்கிறது? பாவமில்லீங்களா?"

ஓட்டிலியா அவன் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவனும் காத்திருந்தான் என்றுதான் நினைக்கிறேன். அவள் திட்டவில்லை.

"அண்ணன் நல்லா இருக்காராங்க?" என்று கேட்டான் அவன்.

"நல்லா இருக்காரு," என்றாள் அவள். "இந்தச் சட்டை அவருக்குப் பத்தலை. நீங்க போட்டுக்கங்க."

அவன் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டான். துடைத்தும் காலரில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்தன. அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடையைத் தாண்டிப் போனாள்.

நான் மரக்கட்டையில் உட்கார்ந்து பதிவேட்டைப் பிரித்தேன். காட்டுப் பக்கம், புகை பத்து, என்று எழுதினேன். அடுத்த வாரம் கசிமிர் பிரபுவின் எழுத்தர் என்னிடம் வந்து தன் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டார். ஓட்டிலியாவின் வீடுவரை நடக்க அவருக்கும் நேரமில்லை, நான் சொல்லச் சொல்ல எழுதினார். கணவன் ஒருவன், மனைவி ஒருத்தி, சச்சரவு ஏதும் இல்லை.